கண்ணாடியும் நனையும்!

'ரெய்டு' என்றதும் வருமான வரி ஆசாமிகள் ஞாபகத்துக்கு வந்தால் அது உங்கள் குற்றமில்லை. நான் சொல்வது கம்ப்யூட்டர் ரெய்டு. முன்னது இருப்பதை அள்ளிக்கொண்டு போகும். பின்னது இருப்பதைக் காப்பாற்றும். (அப்படி நம்பிக்கொண்டிருக்கிறோம்!)

1988-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பாட்டர்ஸன், கிப்ஸன், காட்ஸ் என்ற மூவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆனை விலைக்கு ஒரே டிஸ்க் வாங்குவதற்குப் பதில், மலிவான சின்ன டிஸ்க்குகளைக் கூட்டுச் சேர்த்தால் என்ன என்பது யோசனை. அந்தப் பெயரில் இருந்த 'மலிவான' என்ற வார்த்தையைப் பிற்பாடு 'சுயேச்சையான' என்று மாற்றிவிட்டார்கள். மலிவு என்று சொல்லிக்கொண்டு யார் ஸார் விற்பார்கள்?

விஷயம் சாதாரண பேரேட்டுக் கணக்குதான். முதல் டிஸ்க்கில் 40, இரண்டாவதில் 25, மூன்றாவதில் மொத்தம் 65. இரண்டாவது மண்டையைப் போட்டால்? 65-ல் 40 போக 25. கிடைத்துவிட்டது! இன்னொரு ரகம் 'மிர்ரர்'. ஒரு டிஸ்க்கில் எழுதுவது கண்ணாடி மாதிரி அப்படியே மற்றதிலும் விழும். சின்ன ஆபீஸ்களில் இதற்குத்தான் மவுசு.

காயல்பட்டினத்தில் எனக்குத் தெரிந்த கணக்கு ஆபீஸ் ஒன்றிலும் அதுதான். நாலு கம்ப்யூட்டர்களின் கணக்கும் ராத்திரியானால் கேபிள் வழியே மூலையில் இருக்கும் பழைய மிஷினின் இரட்டை டிஸ்க்கில் போய் விழும். 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோஸாஃப்ட் நிறுத்திக்கொண்டது. 11-க்குப் போக டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். மூலை மிஷினில் அது இல்லை. ஆக, புது மிஷின். டிஸ்க்குகளைக் கழற்றி மாட்டப் போகிறார்கள்.

"காக்கா, வேற காப்பி இருக்கா?" என்றேன்.

"அதான் ரெண்டு டிஸ்க் இருக்கே தம்பி. ஒண்ணு போனா இன்னொண்ணு!"

"2023 மழையில ரெண்டும் எங்கே இருந்திச்சு?"

"பெட்டியோட தூக்கிட்டு மாடிக்கு ஓடினோம்..." என்றவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

அந்த டிசம்பர் 18-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் கொட்டியது 95 சென்டிமீட்டர். ஒரு வருஷம் முழுக்கப் பெய்ய வேண்டியதைவிட அதிகம்! ஒரே பெட்டியில் இருக்கும் கண்ணாடி, முகத்தோடு சேர்ந்தே நனையும். அது மட்டுமல்ல, நீங்கள் கை தவறி ஒரு ஃபைலை அழித்தால் கண்ணாடியும் பவ்யமாக அழித்துவிடும். ரெய்டு என்பது டிஸ்க்கின் சாவுக்கு மருந்து, காப்பி அல்ல.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 2025 செப்டம்பர் 26-ல் தென் கொரியாவின் தேஜான் நகரில், அரசாங்க டேட்டா சென்டரில் பாட்டரிகளை இடம் மாற்றும்போது தீப்பிடித்தது. அரசு ஊழியர்களின் 858 டெராபைட் ஃபைல்கள் போயின. ரொம்பப் பெரிசு என்று வெளியே காப்பி வைக்கவில்லையாம்!

இடம் மாற்றும்போது இன்னும் சில கண்ணிகள் உண்டு. விண்டோஸ் போட்ட மிர்ரர் டிஸ்க்கைப் புது மிஷினில் மாட்டினால் 'ஃபாரின்' என்று காட்டும். 'இம்போர்ட்' கொடுத்தால் உள்ளூர்க்காரனாகிவிடும். பதறிப்போய் 'கன்வர்ட் டு பேஸிக்' கொடுத்தால் கணக்கு காலி. ஹோம் எடிஷன் என்றால் இம்போர்ட்டும் நடக்காது. மதர்போர்டு போட்ட ரெய்டு, வேறு ஜாதி மதர்போர்டுக்குப் பெரும்பாலும் புரியாது. நெட்வொர்க்கிலும் வம்பு. 2024-ல் வந்த விண்டோஸ் 11 பதிப்பின் ப்ரோ எடிஷன், பாஸ்வேர்ட் கேட்காத பழைய ஸ்டோரேஜ் பெட்டியோடு லேசில் பேசாது.

அதனால் டிஸ்க்கைக் கழற்றாதீர்கள். முதலில் வெளி டிஸ்க் ஒன்றில் காப்பி எடுத்து, வேறு கம்ப்யூட்டரில் போன வருஷத்து பேலன்ஸ் ஷீட்டைத் திறந்து பாருங்கள். திறக்காத காப்பி, காப்பியே இல்லை. அப்புறம் புது மிஷினில் புது டிஸ்க்குகளில் புது மிர்ரர் போட்டு, கேபிள் வழியே கொண்டு வாருங்கள். ஃபைல் எத்தனை, அளவு எவ்வளவு என்று இரண்டு பக்கமும் ட்ரையல் பேலன்ஸ் மாதிரி டாலி ஆகட்டும். பழைய டிஸ்க்குகள் ஒரு மாசம் பீரோவில் தூங்கட்டும்.

கடைசியாக, பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிய ஒரு காப்பி வெளியூரில் இருக்க வேண்டும். காயல்பட்டினத்துக்காரர்களுக்கு வெளியூர்ச் சொந்தத்துக்கா பஞ்சம்? காக்காவின் மச்சான் மாசம் ஒரு தடவை சென்னை போகிறார். இப்போது அவர் பையில் அல்வாவோடு ஒரு டிஸ்க்கும் போகிறது.

வருமான வரி ரெய்டிலும் முதல் கேள்வி, "இன்னொரு நோட்டு எங்கே?" என்பதுதான். ஒரே வித்தியாசம், இந்த நோட்டைத் தைரியமாகக் காட்டலாம்!