வாய்க்குள் நின்ற சொல்

முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய்க்குச் செல்லும் வீதியில், செம்மலையைக் கடந்தால் நாயாற்றுப் பாலம் வரும். ஒருபுறம் களப்பு, மறுபுறம் கடல். அங்கு வள்ளமோட்டிப் பழகிய முதியவர் ஒருவர் விடியற்காலையில் எழுந்து, மனைவியிடம் தண்ணீர் கேட்க முயல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாய் கோணியிருக்கிறது, வலக்கை எழவில்லை. “வலை, வலை” என்ற ஒரு சொல்லே திரும்பத் திரும்ப வருகின்றது. வீட்டார் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று அழுகின்றனர்.

புத்தி பேதலிக்கவில்லை. பாரிசவாதத்தின் பின் நேரும் இந்நிலையை வைத்தியர்கள் ‘அபேசியா’ என்பர். நாம் பேச்சிழப்பு எனலாம். மிகப் பெரும்பாலோருக்கு மொழியை ஆள்வது மூளையின் இடப்பாதி. வலக்கையையும் வலக்காலையும் இயக்குவதும் அதுவே. ஆதலாற்றான் வலப்புறம் சோர்ந்தவர்களிடம் பேச்சிழப்பை மிகுதியாகக் காண்கின்றோம்.

1861 ஆம் ஆண்டிலே, பாரிஸ் நகரையடுத்த பிசேத்ர் மருத்துவமனையில், போல் புரோக்கா என்னும் அறுவை வைத்தியர் ஒரு நோயாளியைக் கண்டார். எதைக் கேட்டாலும் “டான், டான்” என்பதே அவர் மறுமொழி. எத்தனை ஆண்டுகளாக இங்கிருக்கிறீர் என்று வினவியபோது, இடக்கையை நான்கு முறை விரித்து, பின்னர் ஒரு விரலை மட்டும் நீட்டினார். இருபத்தொரு ஆண்டு, கணக்குச் சரியே! சில நாட்களில் அவர் இறந்தார். மூளையின் இடப்பாதியின் முன்பகுதி சிதைந்திருந்தது.

எல்லோருக்கும் நோய் ஒரே விதமாய் வருவதில்லை. சிலர் தடையின்றிப் பேசுவர். பொருள் மட்டும் இராது. பிறர் கூறுவதும் அவர்களுக்கு விளங்காது. ‘பேச முடியாவிட்டால் எழுதிக் காட்டட்டுமே’ என்பாருமுளர். எழுத்தும் மொழிதானே! பேச்சோடு அதுவும் பெரும்பாலும் குன்றிவிடும். தமிழில் வேற்றுமையுருபும் வினைமுற்றும் உதிர்ந்து, “நான்... கடல்... காலை” என வெறும் பெயர்கள் எஞ்சுவதுண்டு.

வியப்பான செய்தி ஒன்று: தண்ணீர் என்று சொல்லமாட்டாதவர், வற்றாப்பளை அம்மன்மீது இளமையிற் பாடிப் பழகிய பாட்டை முழுதும் பாடிவிடக்கூடும். ஒன்று, இரண்டு என எண்ணவும் கூடும். கோபத்தில் ஒரு வசைச்சொல் தெளிவாய் வெளிவரவும் கூடும். உடனே, “பேச்சு வருகிறது, நடிக்கிறார்” என்று சுற்றத்தார் தீர்ப்புக் கூறுவர். எத்துணைக் கொடுமை! பழகித் தடம்பதிந்த பாட்டுக்கு மூளையின் வலப்பாதியும் துணைநிற்கிறது. புதிதாய் ஒரு வாக்கியம் அமைப்பது வேறு வேலை.

இதனினும் கொடிது மற்றொன்று. காணி உறுதி, வள்ளம், மகளின் கலியாணம் யாவும் அவர் முன்னிலையிலேயே அவரைக் கேளாமல் முடிவாகின்றன. அவரோ அனைத்தையும் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

நோய் கண்டவுடன் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து, நோயாளி கடைசியாக நலமாயிருந்த நேரத்தைச் சொல்லவேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் ஏற்றவேண்டுமாகையால் அந்நேரம் இன்றியமையாதது. பேச்சுப் பயிற்சி தாய்மொழியில் அமைதல் நன்று. களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவபீடம் பேச்சுச் சிகிச்சையாளரைப் பயிற்றுகிறது. தமிழிற் பயிற்சி தரவல்லோர் இன்னும் சிலரே.

ஆதலின் வீட்டாரின் பங்கு பெரிது. வானொலியை நிறுத்திவிட்டு, ஒருவர் மட்டும் எதிரே அமர்ந்து, சிறு வினாவாகக் கேட்கவேண்டும், பின்பு காத்திருக்கவேண்டும். ‘ஓம்’, ‘இல்லை’ என்பனவும் மாறி வரலாமாகையால், மறுபடியும் வேறுவிதமாய்க் கேட்பது நலம். வீட்டிலுள்ள பள்ளிப் பிள்ளை ஒரு கொப்பியில் தண்ணீர், சோறு, பாய், வலி, வள்ளம், வீட்டார் முகங்கள் ஆகியவற்றை வரைந்து அவரது இடக்கையருகே வைக்கட்டும். களப்பையும் வரையலாம், அதைக் காட்டி அவர் எதையோ சொல்ல விரும்பக்கூடும்.