மகளின் சம்பளமும் நால்வர் கனவும்

ஓசூரையடுத்த கெலமங்கலத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே திண்ணையில் கலந்து பேசப்படும் வீடுகளில், அண்மைக் காலமாக ஒரு புதிய வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. எந்த நீதிமன்றத்துக்கும் போகாத அவ்வழக்கின் பொருள், மாதந்தோறும் மகளின் வங்கிக் கணக்கில் வந்து சேரும் சம்பளம்.

இவ்வட்டாரத்தின் பழைய ஜீவனம் மழையை நம்பியிருந்தது. மானாவாரி நிலத்தில் கேழ்வரகும் கொள்ளும், போர் தண்ணீர் கிடைத்த இடத்தில் தக்காளியும் ரோஜாவும், சற்று வசதியுள்ளவர்களிடம் மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழு மனையும் என்று நடந்த விவசாயத்தில், கேழ்வரகு முற்றும் பருவத்தில் யானைக் கூட்டம் இறங்கினாலும், ராயக்கோட்டை மண்டியில் தக்காளி விலை சரிந்தாலும், நகையை அடகு வைத்துத் தோண்டிய போர் வறண்டுபோனாலும், கடைசியில் மிஞ்சியது கடன்தான். 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்து, அடுத்த பத்தாண்டுகளில் லாரியும் இருசக்கர வாகனமும் கடிகாரமும் செய்யும் ஆலைகள் பெருகியபோது, அவற்றில் உத்தியோகம் தேடி முதலில் சென்றவன் ஐ.டி.ஐ. படித்த மகன். இப்போது கம்பெனி பஸ்ஸுக்காக விடியற்காலையில் காத்து நிற்பவள் மகள். திம்ஜேப்பள்ளியருகே டாடா எலக்ட்ரானிக்ஸ் அமைத்த கைப்பேசி உதிரிபாக ஆலையில் 2022இல் சுமார் 10,000 பேர் வேலை செய்ததாகவும், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்றும், மாத ஊதியம் 16,000 ரூபாய்க்குச் சற்று மேல் என்றும் அவ்வாண்டுச் செய்திகள் கூறின. இந்தியாவின் பெண் தொழிற்சாலைத் தொழிலாளர்களில் நூற்றுக்குச் சுமார் 43 பேர் தமிழ்நாட்டில் இருப்பதாக 2019-20ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்கும் காட்டியது.

பிளஸ் டூ முடித்தவுடன் அந்த பஸ்ஸில் ஏறிய பெண்ணின் வீட்டை எண்ணிப் பார்ப்போம். தந்தைக்கு அடகிலிருக்கும் நகையை மீட்டு இன்னொரு போர் போட வேண்டும் என்பது ஆசை. மண்டிக்குத் தக்காளி ஏற்றிச் செல்லச் சொந்தமாக ஒரு குட்டி யானை வண்டி வேண்டும், அதன் முன்பணத்தைத் தங்கை தரட்டும் என்பது அண்ணனின் வாதம். தாயோ மகளின் விவாகத்துக்காகச் சீட்டுக் கட்டி வருகிறாள்; ஷிப்ட் முடிந்து இருட்டில் வரும் பெண்ணைப் பற்றி ஊரார் ஏதேனும் சொல்வதற்குமுன் கல்யாணம் முடிந்துவிட வேண்டும் என்ற பயமும் அவளுக்கு உண்டு. மகளின் அபிலாஷை வேறு: ஓராண்டுச் சம்பளத்தைச் சேர்த்து, விட்ட படிப்பைத் தொடர வேண்டும். இவற்றில் ஒன்றைக்கூடப் பேராசை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால், அண்ணன் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த வருஷமே தவணையில் பைக் வாங்கியபோது எவரும் கணக்குக் கேட்கவில்லை. அவன் வீட்டுக்குக் கொடுத்தது தாராளம் எனப் பாராட்டப்பட்டது. மகள் கொடுப்பதோ கடமையாகிவிடுகிறது. அவள் கொடாமல் வைத்துக்கொண்டால் அது சுயநலமாகிறது. இந்தப் பேதம்தான் என்னை வருத்துகிறது.

குடும்பம் என்பது ஒத்துழைப்பும் முரண்பாடும் ஒருங்கே வாழும் இடம் என்று 1990இல் வெளியான ஒரு கட்டுரையில் பொருளாதார அறிஞர் அமர்த்திய சென் விளக்கினார். யார் உண்மையில் எவ்வளவு உழைக்கிறார்கள் என்பதைவிட, யாருடைய உழைப்பு பங்களிப்பாக மதிக்கப்படுகிறது என்பதே வீட்டுக்குள் ஒருவருடைய சொல்லுக்குக் கனம் தருகிறது என்பது அவர் கருத்து. இதற்கு நம் தாய்மாரைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா? விடியுமுன் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றி, களி கிண்டி வைத்து, களையெடுத்து, கதிரறுத்து, இரவில் மாட்டுக்குத் தீவனம் போட்டபின் படுக்கும் தாயைப் பற்றி, கணக்கெடுக்க வருபவரிடம் ‘வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்’ என்று கணவன் சொல்வது மனமறிந்த பொய்யன்று. அவனுக்கு அப்படித்தான் தோன்றுகிறது. மகளின் உழைப்போ சம்பளச் சீட்டில் அச்சாகி வருகிறது. அதனால்தான் அவள் பேசத் தொடங்கியிருக்கிறாள். அதனால்தான் வீட்டில் சச்சரவும் எழுகிறது.

1830களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவல் நகரப் பஞ்சாலைகளிலும் சம்பளம் பெண்களை இவ்வாறே பேச வைத்தது. விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்து கம்பெனி விடுதிகளில் தங்கிய பெண்களுள் பலர், தந்தையின் நிலக் கடனுக்கும் சகோதரனின் கல்லூரிப் படிப்புக்கும் பணம் அனுப்பினர். ஆயினும் கையில் ரொக்கம் கண்டவர்கள் புத்தகம் வாங்கினர், சொற்பொழிவு கேட்டனர். ஊதியம் குறைக்கப்பட்டபோது 1834இல் வேலைநிறுத்தமும் செய்தனர்.

சம்பளத்தில் காணும் பேதம் சொத்திலும் உண்டு; ஆனால் அதில் சட்டம் நம் பெண்களுக்கு வஞ்சனை செய்யவில்லை. பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டுமென்று 1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. அறுபதாண்டு கழித்து, 1989 மார்ச் 25 முதல் அமலான தமிழ்நாட்டுத் திருத்தம், அந்நாளுக்குமுன் மணமாகாத மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகரான பங்கை அளித்தது. 2005இல் மத்தியச் சட்டமும் மகளுக்கு அவ்வுரிமையைத் தந்தது. எனினும், தொழிற்சாலைகளால் நிலத்தின் விலை ஏறிய இடங்களில், பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடுமோ என்ற அச்சத்தால் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டுத் திரும்பும் சகோதரிகள் எத்தனையோ பேர்.

2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால், தமிழக அரசு பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைக்கிறது. மகளின் சம்பளத்தில் மனை வாங்கும் தந்தை, இந்தச் சலுகைக்காகவே அவள் பெயரில் பத்திரம் எழுதினாலும் நான் மகிழ்வேன். பால் பணம் தாயின் பெயரிலுள்ள கணக்கிலேயே சேரட்டும். அண்ணனின் வண்டிக்குத் தங்கை முன்பணம் கொடுப்பதானால் அதைக் கடனென்றே பேசி, மாதம் எவ்வளவு திருப்புவது, அவள் கல்லூரியில் சேரும் நாளுக்குள் எவ்வளவு தீர்ப்பது என்பதை வண்டி வீட்டுக்கு வருமுன்பே நால்வரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.