நாலு குதிரை, ஒரு சாரதி, பின்னால் நிற்கும் இருவர்... தெரியுமா?

குதிரைமேல் ஏறி ஓட்டுபவராவது முழங்காலை அழுத்தலாம், உடம்பைச் சாய்க்கலாம். நாலு குதிரை பூட்டிய சாரட்டை ஓட்டுபவரிடம் என்ன இருக்கிறது தெரியுமா? கடிவாள வார், சாட்டை, குரல். அவ்வளவுதான்!

இந்தச் சாரட் பந்தயத்துக்குச் சர்வதேச விதிகள் யார் முயற்சியில் வந்தன தெரியுமா? ராணி எலிசபெத்தின் கணவர் இளவரசர் பிலிப்! 1964 முதல் 1986 வரை சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனத்தின் தலைவர் அவர்தான். 1971-ல் புடாபெஸ்டில் முதல் ஐரோப்பியப் போட்டி. மறு ஆண்டே ஜெர்மனியின் மூன்ஸ்டரில் முதல் உலகப் போட்டி. விதியோடு விட்டாரா மனிதர்? போலோ ஆடுவதை நிறுத்திவிட்டு, ஐம்பது வயதையொட்டி சாரட்டில் ஏறினார். 1980-ல் வின்ட்சரில் உலகப் பட்டம் வென்ற பிரிட்டிஷ் அணியில் அவரும் ஒருவர்!

போட்டி மூன்று கட்டம். முதலில் தொப்பி, கையுறை, மடியில் போர்வைத்துணி சகிதம் 100 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகல மைதானத்தில் குதிரைகளின் நடையழகு. இன்னொன்றில் ஜோடி ஜோடியாக நிற்கும் கூம்புகளுக்கு நடுவே நுழைய வேண்டும். ஒவ்வொரு கூம்பின் உச்சியிலும் ஒரு பந்து. குதிரைகள் தப்பிப் போய்விடும், பின்சக்கரம் லேசாக உரசும், பந்து விழும், 3 புள்ளி தண்டம்!

குளிர்காலத்தில் இதே வண்டிகள் ஜெனிவா, போர்தோ நகரங்களில் கூரைக்குள்ளேயே பாய்வதும் உண்டு. ஆஸ்திரேலியாவின் பாய்ட் எக்செல், நெதர்லாந்தின் சார்டான் அப்பாவும் பிள்ளையும் களத்தில் இருந்தால் அரங்கமே அதிரும்.

ஜெர்மனியின் ஆகன் குதிரையேற்றத் திருவிழாவில் கடைசி ஞாயிறன்று என்ன நடக்கும் தெரியுமா? சுமார் 40,000 பேர் கொள்ளும் அரங்கத்தில் எல்லா நாட்டு வீரர்களும் வலம் வர, பார்வையாளர்கள் வெள்ளைக் கைக்குட்டைகளை அசைத்து வழியனுப்புவார்கள். அரங்கமே வெளுத்துப்போகும்!

ஆனால் என்னைக் கேட்டால், ஒரு நாள்தான் போக முடியுமென்றால், மூன்று கட்டங்களில் மீதமுள்ள மாரத்தான் நாளுக்குப் போங்கள். நாற்காலி தேவையில்லை, தடைக்குத் தடை நடந்தே பார்க்கலாம். மரக்கம்பங்களுக்கு இடையே ஏ, பி, சி என்று வாசல்கள். வரிசை மாறாமல் நுழைய வேண்டும். உள்ளே கழியும் ஒவ்வொரு வினாடிக்கும் 0.25 தண்டம். 600 கிலோவுக்குக் குறையாத வண்டி வளைவில் திரும்பும்போது சாரதியைப் பார்க்காதீர்கள், பின்னால் நிற்கும் இருவரைப் பாருங்கள்! ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி மொத்த உடம்பையும் வெளியே வீசி, சக்கரம் தூக்காமல் அமுக்குகிறார்கள். அடுத்த வாசல் எதுவென்று சாரதியின் காதில் கத்துவதும் அவர்கள் வேலைதான். பரிசு வாங்கும்போது பெயர் அவருக்கு. உழைப்பில் பாதி இவர்களுடையது என்பேன்.

தண்ணீர்த் தடையில் பதினாறு குளம்பும் ஒன்றாக இறங்கும் சத்தம் இருக்கிறதே! அந்தக் கரையில் கூட்டம் சீக்கிரமே சேர்ந்துவிடும். முதல் வண்டி புறப்படுமுன் போய் இடம் பிடித்துவிடுங்கள். மாற்றுச் சட்டை ஒன்றும் இருக்கட்டும்.