'சர்' பட்டம் வாங்கியவர் ஜெயிலுக்குப் போன கதை!

'பேங்க்ல போட்ட பணம் எங்க போயிடும்?' கோட்டூர்புரம் ஏ.டி.எம் வாசலில் நிற்கும் நாம் இப்படித்தானே நினைக்கிறோம்? 1906-ல் மெட்ராஸ்காரர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

சர் ஜார்ஜ் அர்பத்நாட் பெரிய வங்கி அதிபர். மெட்ராஸ் சட்டசபை உறுப்பினரும்கூட. அவர் பெயரை நம்பி ஆயிரக்கணக்கானோர் சேமிப்பைப் போட்டார்கள். லண்டன் பங்குதாரர் மெக்ஃபேடியனோ அதிக லாபத்துக்கு ஆசைப்பட்டு ரிஸ்க்கான முதலீடுகளில் பணத்தை இறக்கினார். அக்டோபர் 22, அர்பத்நாட் கம்பெனி திவால்!

அர்பத்நாட்டுக்கு 18 மாதம் கடுங்காவல். அதனால் போட்ட பணம் திரும்பிடுமா என்ன?

'நமக்குன்னு ஒரு பேங்க் வேணும்' என மயிலாப்பூர் வக்கீல் வி.கிருஷ்ணசாமி ஐயர் களமிறங்க, 1907 ஆகஸ்ட் 15-ல் இந்தியன் வங்கி தொடங்கியது.

இன்று வங்கி மூழ்கினாலும் டெபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. அன்று அது இல்லை. ஸோ, பெரிய பெயரைப் பார்த்து மயங்காதீங்க; காப்பீடு இருக்கான்னு பாருங்க!