எழுபது வயதுப் பாட்டிக்கு இருபத்தெட்டு வயது! – எக்ஸெல்லும் மருத்துவ ஆய்வும்

சென்ற ஆண்டு ஆடி அமாவாசைக்கு ஊருக்குப் போயிருந்தேன். குழித்துறையில் வாவுபலி பொருட்காட்சி நடக்கும் நேரம். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரலாம் என்று கிளம்பும்போது, சித்தி மகள் லேப்டாப்பும் கையுமாக வந்து நின்றாள். எம்.எஸ்சி. நர்சிங் படிக்கிறாள். ஆய்வுக்காக 120 சர்க்கரை நோயாளிகளை வீடு வீடாகப் போய்ச் சந்தித்து, கேள்வித்தாள் நிரப்பி, எல்லாவற்றையும் எக்ஸெல்லில் ஏற்றியிருந்தாள்.

"அண்ணா, இதை ஒண்ணு பாருங்க. எழுபது வயசுப் பாட்டிக்கு இருபத்தெட்டு வயசுன்னு காட்டுது."

என்ன நடந்தது என்று பார்த்தவுடன் புரிந்தது. வயது இருக்கும் நெட்டு வரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து 'சார்ட்' கட்டளை கொடுத்திருக்கிறாள். எக்ஸெல் சும்மா விடவில்லை. பக்கத்து வரிசைகளையும் சேர்த்துக்கொள்ளவா என்று ஒரு சிறிய கட்டத்தில் கேட்டிருக்கிறது. அவசரத்தில் 'இருப்பதை மட்டும் வரிசைப்படுத்து' என்ற இரண்டாவது வழியைக் கிளிக் செய்துவிட்டாள். வயதெல்லாம் சிறியதிலிருந்து பெரியதாக அழகாக அடுக்கிக்கொண்டது. ஆனால் பெயரும் சர்க்கரை அளவும் இருந்த இடத்திலேயே இருந்தன. பைலை சேவ் செய்து மூடியும் ஆயிற்று. இனி 'அன்டூ' எங்கே போவது?

தாளில் எழுதிய படிவங்களை அவள் தூக்கி எறியாமல் வைத்திருந்ததுதான் காப்பாற்றியது. மூன்று இரவுகள் நான் வாசிக்க, அவள் டைப் செய்ய, 120 பேரையும் மறுபடி ஏற்றினோம். இந்த முறை எக்ஸெல்லில் அல்ல, எபிடேட்டா என்ற புரோகிராமில்.

டென்மார்க்கில் உருவான இந்த இலவச மென்பொருள் அளவில் சிறியது. பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். இதில் முதலில் படிவத்தைத் தயார் செய்ய வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன வரலாம், எதுவரை வரலாம் என்று சொல்லி வைக்கலாம். மூன்று மாத சராசரி சர்க்கரைக்கு 4 முதல் 18 வரை என்று வைத்தோம். 8.2 என்பதற்குப் பதில் அவள் 82 என்று தட்டியபோது, புரோகிராம் அடுத்த கட்டத்திற்கு நகரவே மறுத்தது. எக்ஸெல்லிலும் 'டேட்டா வேலிடேஷன்' என்ற வசதி உண்டு. ஆனால் அதைத் தேடிப் போய் அமைப்பவர்கள் எத்தனை பேர்?

இன்னொரு வசதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே படிவங்களை இரண்டு பேர் தனித்தனியாக ஏற்றலாம். பிறகு இரண்டையும் ஒப்பிட்டு, எங்கெங்கே வேறுபாடு என்று புரோகிராமே பட்டியல் தரும். நானும் ஒரு முறை ஏற்றினேன். பதினொரு இடங்களில் வேறுபாடு வந்தது. அதில் ஏழு என்னுடைய தவறு! என்ஜினியர் என்று நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

சித்தி மகளைக் குறை சொல்ல வேண்டாம். பிரிட்டனில் 2020 செப்டம்பர் இறுதியில் கொரோனா சோதனை முடிவுகளைத் தொகுத்தபோது, அரசுத் துறையே பழைய 'எக்ஸ்எல்எஸ்' வகை பைலைப் பயன்படுத்தியது. அந்த வகையில் 65,536 படுக்கை வரிசைகளுக்கு மேல் இடமில்லை. மீதி விழுந்துவிட்டது. 15,841 நோயாளிகளின் விவரம் உரிய நேரத்தில் கணக்கில் வரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் தாமதமானது. (இப்போதைய 'எக்ஸ்எல்எஸ்எக்ஸ்' வகையில் 10,48,576 வரிசைகள் உண்டு. உங்கள் பழைய பைல்களின் வகையை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.)

பல ஊர்களில் பல மருத்துவமனைகள் சேர்ந்து ஆய்வு நடத்தினால், ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கும் புரோகிராம் போதாது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பால் ஹாரிஸ் குழுவினர் 2004-ல் ரெட்கேப் என்ற மென்பொருளை உருவாக்கியது இதற்காகத்தான். லாப நோக்கமில்லாத நிறுவனங்கள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு இலவசமாகப் பெறலாம். தனி ஆட்கள் டவுன்லோட் செய்ய முடியாது. நிறுவனம் தன் சர்வரில் நிறுவி, ஆய்வாளர்களுக்கு யூசர் நேமும் பாஸ்வேர்டும் தரும். இன்று 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் பயன்பாட்டில் உள்ளது. ஒரு நிறுவனம் பட்ட பாட்டை மற்றொன்று படாமலிருக்க, பயன்படுத்துவோர் தங்களுக்குள் கூடிப் பேசி, படிவங்களையும் பகிர்ந்துகொள்கிறார்கள்.

இதில் யார், எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த எண்ணை எதுவாக மாற்றினார் என்பது தானாகவே பதிவாகும். ஆணுக்குக் கர்ப்பம் பற்றிய கேள்வி வராதபடி மறைக்கலாம். பெயர், போன் நம்பர் போன்றவற்றை அடையாளமிட்டு வைத்தால், கணக்கிடுபவருக்கு அவற்றை நீக்கிவிட்டுக் கொடுக்கலாம். எக்ஸெல் பைலை வாட்ஸ்அப்பில் அனுப்பும் வழக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்! சித்தி மகளின் பைலிலும் முதலில் நோயாளிகளின் பெயர் முழுசாக இருந்தது. இப்போது எண் மட்டும். எந்த எண் யாருடையது என்பது தனி நோட்டில், பீரோவுக்குள்.

வீட்டிலிருந்தே பார்க்கலாம்

"எங்கள் வீட்டில் யாரும் ஆராய்ச்சி செய்யவில்லையே" என்கிறீர்களா? நாளைக்கே உங்கள் அம்மாவிடம் ஒரு டாக்டர், "புது மருந்து ஒன்று சோதனையில் இருக்கிறது, சேர்ந்துகொள்கிறீர்களா?" என்று கேட்கலாம். அதற்கு உதவும் ஒரு பொதுத் தளம் நம் நாட்டிலேயே இருக்கிறது. சிடிஆர்ஐ எனப்படும் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு 2007 ஜூலை 20 அன்று தொடங்கியது. நடத்துவது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில். 2009 ஜூன் 15 முதல் மருந்துச் சோதனைகளைப் பதிவது கட்டாயமானது. 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்தாக வேண்டும். முன்பெல்லாம் சோதனையை முடித்துவிட்டுக்கூடப் பதிந்தார்கள், அது போயிற்று.

பிரவுசரில் சிடிஆர்ஐ டாட் என்ஐசி டாட் இன் என்ற முகவரிக்கு (ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்) சென்று, 'ட்ரையல் சர்ச்' பகுதியில் நோயின் பெயரைக் கொடுக்கவும். டாக்டர் தந்த படிவத்தில் பதிவு எண் இருந்தால் வேலை இன்னும் எளிது. அந்த எண்ணிலேயே ஆண்டும் மாதமும் வந்துவிடும். கிடைக்கும் பக்கம் நீளமாக இருக்கும், பயப்பட வேண்டாம். பணம் போடுவது யார், உங்கள் மருத்துவமனையின் பெயர் பட்டியலில் இருக்கிறதா, அதன் நெறிமுறைக் குழு அனுமதி தந்ததா, எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள் என்ற நான்கை மட்டும் முதலில் பாருங்கள். மருத்துவமனையின் பெயர் இல்லை என்றால் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் 2019-ம் ஆண்டு விதிகளிலேயே உள்ளன.

நம் பக்கத்துக்கு இது புதிதல்ல. சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் சிகிச்சை மையம், சானடோரியத்தில் சேர்க்காமல் வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தால் போதுமா என்று சோதித்துப் பார்த்தது. போதும் என்ற முடிவு 1959-ல் வெளியாகி, உலகெங்கும் சிகிச்சை முறையையே மாற்றியது. வீட்டுக் கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லாத காலம் அது.

சித்தி மகள் அடுத்த ஆய்வுக்குத் தயாராகிறாள். படிவம் எபிடேட்டாவில் ரெடி. இரண்டாவது தடவை ஏற்ற ஆள் வேண்டுமாம். இந்த ஆடி அமாவாசைக்கும் எனக்கு லீவு கிடைக்குமா என்று இப்போதே கேட்டுவிட்டாள்.