நார்வேயில் சுருங்கிய 26 வாரங்கள்

யாருமில்லாத அறையில் குரல் கேட்கிறது. பக்கத்து வீட்டார் தன்னை வேவு பார்க்கிறார்கள் என்று உறுதியாகத் தோன்றுகிறது. மருத்துவர்கள் இதைச் சைக்கோசிஸ் என்பார்கள். பெரும்பாலும் பதின்பருவத்தின் கடைசியிலோ இருபதுகளிலோ தலைகாட்டும். அதற்கு முன்பே தூக்கம் கெடும், படிப்பு சரியும். ‘வயசுக் கோளாறு’ என்று வீட்டில் தள்ளிப்போடுவார்கள்.

தள்ளிப்போட்டால் என்ன? சிகிச்சையில்லாத காலம் நீள நீள, பிறகு தேறுவது கடினமாகிறது. மூளைக்குள் நடப்பது என்ன என்பதில் விவாதம் உண்டு. சிகிச்சை தொடங்குவதற்குள் கல்லூரி, வேலை, நட்பு கைநழுவுவதோ கண்கூடு.

நார்வேயின் ரோகலாந்தில் 1997-இல் இறக்கியது புது மருந்தையல்ல, விளம்பரத்தை! செய்தித்தாள், வானொலி, திரையரங்கு, பள்ளி என எங்கும் அறிகுறிகளைச் சொன்னார்கள். பரிந்துரைக் கடிதமின்றி யாரும் நேரே அழைக்க ஒரு குழுவும் இருந்தது. முன்பு நோயாளிகளில் பாதிப்பேர் சிகிச்சைக்கு வர 26 வாரங்களுக்கு மேல் ஆனது. அது சுமார் 5 வாரமானது. பத்தாண்டு கழித்து, நன்கு தேறியிருந்தவர்கள் இங்கே 31%, இந்த ஏற்பாடு இல்லாத ஒப்பீட்டுப் பகுதிகளில் 15%.

ஒன்றை மறக்கக்கூடாது. லேசான முன்னறிகுறி உள்ளோரில் பெரும்பாலோருக்கு நோய் முற்றுவதே இல்லை. அவர்களுக்கு எடுத்தவுடன் மாத்திரை தருவதில்லை. பேச்சுவழிச் சிகிச்சையும் கண்காணிப்பும்தான்.

ரோகலாந்தில் பிறகு விளம்பரத்தை நிறுத்தினார்கள். காத்திருப்பு மறுபடி 15 வாரமாக நீண்டது.