ஹோமரும் திருமறை வாசிப்பும்

மூலபாட ஆராய்ச்சி என்றதும் இறையியல் மாணவருள் சிலர் கலங்குவதுண்டு. திருமறையின்மீது விசுவாசமற்ற நவீன காலம் சுமத்திய கருவி இது என்பது அவர்கள் எண்ணம். ஆயின் இக்கருவி மிகப் பழமையானது; ஹோமரின் காவியங்களைக் கற்றோரிடமிருந்து திருச்சபை பெற்றுக்கொண்டது.

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் அரிஸ்தார்க்கஸ் என்னும் அறிஞர் இலியட், ஒடிசி ஆகியவற்றின் பாடத்தை ஆராய்ந்தார். ஐயத்திற்குரியவை எனக் கண்ட வரிகள் பலவற்றை அவர் நீக்கிவிடாது, ஓரத்தில் ஒரு கோடு மட்டும் இட்டுவைத்தார். கி.பி. 3ஆம் நூற்றாண்டில் ஓரிகன் இம்முறையைப் பழைய ஏற்பாட்டுக்குக் கையாண்டார். கிரேக்க மொழிபெயர்ப்பில் இருந்து எபிரெயத்தில் இல்லாதவற்றுக்குக் கோட்டுக்குறியும், எபிரெயத்தினின்று சேர்த்தவற்றுக்கு உடுக்குறியும் இட்டார்.

நமது நூற்றாண்டுக்குச் சற்று முன்னும் இவ்வுறவு அற்றுப்போகவில்லை. 1930களில் மில்மன் பாரி யூகோஸ்லாவியப் பாடகரிடையே நடத்திய ஆய்வு, ஹோமரின் வாய்மொழி மரபை விளக்கிற்று. அவ்வழியே கைலாசபதி 1968இல் சங்கப் பாடல்களை ஆராய்ந்தார். கெல்பர் 1983இல் நற்செய்தி மரபை ஆராய்ந்தார்.

மாற்கு 16:9-20 பகுதி மிகப் பழைய கைப்பிரதிகள் சிலவற்றில் இல்லை. அதைப் பிரசங்கிக்கும் ஆயர் என் செய்வது? ஐயத்தைச் சபைக்கு மறைப்பது பக்தியன்று. ஐயுற்றதை வெட்டியெறிவது புலமையன்று. உண்மையைச் சொல்லி, வசனத்தையும் வாசிப்போமாக. ஓரிகன் இட்ட கோடு நமக்குக் கற்பிப்பது இதுவே.